ஆயிரம் அடியும் பத்துத் தொகுதியும்

எங்கள் பக்கம் தோட்டம் ஒன்று விலைக்கு வந்தால் வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி எப்படிங்க?" இரண்டாவது, "எத்தனை போர் போட்டிருக்குதுங்க?" இந்த இரண்டாவது கேள்விக்கான பதிலில் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் கதையே அடங்கியிருக்கும்.

தாராபுரம் தெரியாதவர்களுக்காக ஊர்க்கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமராவதி ஊரை ஒட்டி ஓடுகிறது. அலங்கியம், தளவாய்பட்டினம், கொளிஞ்சிவாடி என்று ஆற்றையும் வாய்க்காலையும் நம்பிய ஊர்களில் நெல் விளையும். வண்டியை மூலனூர்ப் பக்கமோ குண்டடம் பக்கமோ திருப்பினால் கொஞ்ச தூரத்திலேயே பூமி வேறாகிவிடும். கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், தலைக்கு மேலே காற்றாலை. மழை குறைவு. கீழே கெட்டிப் பாறை. அந்தப் பாறையில் தண்ணீர் எல்லா இடத்திலும் இருக்காது, வெடிப்புகளில் மட்டும்தான் நிற்கும். வெடிப்பு அகப்பட்டால் தண்ணீர், அகப்படாவிட்டால் புழுதி. ஆழம் போகப் போக வெடிப்பும் குறைந்துகொண்டே வரும் என்றுதான் நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்று, சத்தம் காதைப் பிளந்து, புழுதி மேகமாய்க் கிளம்பும்போது யாருக்கு இந்தப் படிப்பெல்லாம் ஞாபகம் வரும்? "இத்தனை தூரம் வந்தாச்சு, இன்னொரு நூறு அடி பாத்தர்லாங்க" என்று ஒருவர் சொல்வார். அந்த நூறு அடியில் ஒரு மாடு போகும்.

என் பெரியப்பா முறையில் ஒருவர் தென்னையைக் காப்பாற்றப் போர் போட ஆரம்பித்தார். அறுநூறு அடி, எண்ணூறு அடி, கடைசியில் ஆயிரத்துக்கும் கீழே. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பார். மீதிக் காட்டில் போர் போடுவதற்காக ஒரு பகுதிக் காட்டையே விற்றார். அவரைச் சோம்பேறி என்றோ பாதியில் விடுகிறவர் என்றோ யாரும் சொல்ல முடியாது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் விடாமுயற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடுக்கும் குணம் அத்தனையும் அவரிடம் இருந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் அவருடைய பங்காளி. இரண்டு போர் புழுதியானதும் நிறுத்திவிட்டார். பூமியைக் கொறங்காடாகவே, அதாவது மேய்ச்சல் காடாகவே விட்டு, வேலியைச் செப்பம் செய்து, ஆடும் காங்கேயம் மாடும் கட்டினார். "அவன் அன்னைக்கே உட்டுட்டானப்பா" என்று ஊரில் இளக்காரமாகப் பேசினார்கள். உட்டது போரை மட்டும்தான். பண்ணையத்தை விடவில்லை.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், விடாமல் முயன்றால் கிடைக்கும் என்கிற பேச்சு எங்கள் ஊரில் சுவர் எழுத்திலிருந்து வாட்ஸ்அப் வரை தினமும் கண்ணில் படுகிறது. அதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எத்தனை தடவை முயன்றார் என்பதையே கணக்கெடுக்கிறோம். எதைப் பிடித்துக்கொண்டார், அதற்காக எதையெல்லாம் கீழே போட்டார் என்று யாரும் கேட்பதில்லை.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பேட்மேன்’ என்று இந்தியில் 2018இல் படமே வந்துவிட்டதால் எல்லோருக்கும் தெரிந்த கதை. கைத்தறி நெசவுக் குடும்பம். அப்பா சாலை விபத்தில் இறந்துபோக, அம்மா கூலி வேலைக்குப் போக, பதினாலு வயதில் பள்ளிக்கூடம் நின்றது. வெல்டிங் பட்டறை வேலை. 1998இல் சாந்தியைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, மனைவி மாதவிலக்குக்குப் பழந்துணி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, குறைந்த செலவில் நாப்கின் செய்ய இறங்கினார். ஊர் சிரித்தது. மனைவி பிரிந்து போனார். பயன்படுத்திய நாப்கின்களைப் பரப்பி வைத்து ஆராய்ந்ததைப் பார்த்து அம்மாவும் வீட்டைவிட்டுப் போனார். கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு தானே சோதித்தார்.

கதை சொல்கிறவர்கள் இங்கே நின்றுகொள்கிறார்கள், ஏனென்றால் கைத்தட்டல் வருகிற இடம் இது. எனக்கு அதற்கு அடுத்த இடம்தான் முக்கியம். அவர் முதலில் பஞ்சில்தான் செய்து பார்த்தார். நம் ஊரில் மில்லுக்குப் பஞ்சமில்லை, வெள்ளையாக எது இருந்தாலும் பஞ்சு என்றுதான் தோன்றும். இன்னும் நல்ல பஞ்சு, இன்னும் அழுத்தமான பஞ்சு என்று பத்து வருடம் போயிருக்கலாம், ஒன்றும் நடந்திருக்காது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான், கம்பெனிக்காரர்கள் வைப்பது பருத்தியே இல்லை, பைன் மரக்கூழிலிருந்து எடுக்கிற செல்லுலோஸ் நார் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது? ஒரு பேராசிரியரின் உதவியோடு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எழுதி, தன்னைக் கோயம்புத்தூர் மில் முதலாளி என்று சொல்லிக்கொண்டு, மாதிரி வரவழைத்தார். அட்டை மாதிரி வந்ததைப் பிரித்துப் பார்த்தார். விஷயம் புரிந்தது. அதோடு பஞ்சைக் கீழே போட்டார். அதற்குப் பிறகு கேள்வியே வேறாகிவிட்டது. எந்தப் பொருள் என்பது போய், கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் செய்கிற வேலையைப் பட்டறையில் எப்படிச் செய்வது என்று ஆனது. வெல்டிங்காரருக்குப் பதில் தெரிந்த கேள்வி அது. நாரைப் பிரிக்க ஒன்று, வடிவம் கொடுக்க ஒன்று, மூட ஒன்று, கிருமி நீக்க ஒன்று என்று வேலையைப் பிரித்து, அறுபத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இயந்திரத்தைச் செய்து முடித்தார். 2006இல் சென்னை ஐஐடியில் அந்த இயந்திரத்துக்குப் பாராட்டு கிடைத்தது. 2016இல் பத்மஸ்ரீ. மனைவி திரும்பி வந்ததும் இந்தக் கதையில் உண்டு.

அவர் பிடிவாதக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் தோல்வி வந்து சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்ட பிடிவாதம் அது. என் பெரியப்பாவின் ஆறாவது போருக்கு ஐந்தாவது போர் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கள் அக்கா பெண் குரூப் 2 எழுதிக்கொண்டிருக்கிறாள். தாராபுரத்தில் வீட்டுக்கு ஒருவர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் வந்தவள், "இன்னொரு தடவை எழுதறதுங்களா, உட்டர்றதுங்களா மாமா?" என்றாள்.

"போன தடவை எதுல போச்சு கண்ணு?"

"மொத்தமாவே கட் ஆஃப் வரலீங் மாமா."

"மொத்தமாங்கறது சரி. எதுல?"

தெரியவில்லை. தேர்வாணையம் விடைக்குறிப்பு வெளியிடுகிறது, வினாத்தாள் கையில் இருக்கிறது, ஆனால் தோற்றுப் போனதைத் திரும்பத் திறந்து பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்? இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேள்வியாகக் குறித்தோம். போனதில் பெரும்பகுதி கணக்கிலும் மனத்திறனிலும். அவளோ அந்த வருடம் முழுக்க வரலாற்றைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள், ஏனென்றால் வரலாறு அவளுக்கு நன்றாக வரும். தெரிந்ததையே படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, உழைத்த மாதிரியும் இருக்கும். எழுதுவதா விடுவதா என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் யார்?

இன்னொரு விஷயம். முயற்சி என்றால் படிக்கட்டில் ஏறுகிற மாதிரி வருடத்துக்கு வருடம் மேலே போக வேண்டும் என்றும் நினைத்துக்கொள்கிறோம். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் கணக்கைப் பாருங்கள். 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். காகிதத்தில் கோடு போட்டால் கீழே இறங்குகிறது. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்த ஒருவர், எட்டு வருடம் கழித்தும் மூன்றாவது முறையாக உலக மேடையில் பதக்கத்தோடு நிற்கிறார் என்பது அந்தக் கோட்டில் தெரியாது. எனக்கு 2016ஐவிட 2024தான் பெரிதாகத் தெரிகிறது. ஒத்துக்கொள்ளாதவர்கள் சண்டைக்கு வரலாம்.

சரி, எழுத உட்கார்ந்ததே வேறொருவரைப் பற்றி. பெரியசாமித் தூரன்.

ஈரோட்டுக்குப் பக்கத்தில் மொடக்குறிச்சி, அதையொட்டி மஞ்சக்காட்டுவலசு. அங்கே 1908இல் பிறந்தவர். தூரன் என்பது புனைபெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு, அது கூட்டப் பெயர், அதாவது குலப் பெயர். சென்னையில் கல்லூரியில் படித்தபோது, பகத்சிங் தூக்கிலிடப்பட்டதை எதிர்த்துத் தேர்வு எழுத மறுத்தவர் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தக் காலத்தில் கவுண்டர் வீட்டில் ஒரு பையனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் பரீட்சை எழுத மாட்டேன் என்கிறான்! அப்புறம் ஊர்ப்பக்கம் திரும்பி ஆசிரியர் வேலை. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் பல வருடம்.

அதற்கும் முன்பே ஒரு வேலை செய்திருந்தார். பாரதியின் எழுத்தில் நூலாக வராமல் சுதேசமித்திரன் பழைய இதழ்களிலேயே கிடந்தவற்றைத் தேடி, பக்கம் பக்கமாகக் கையால் படியெடுத்தார். ஜெராக்ஸ் கிடையாது, கைப்பேசியில் படம் எடுக்க முடியாது. உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. வாலிப வயதில் எடுத்த அந்தப் படிகள் ‘பாரதி தமிழ்’ என்று புத்தகமானது 1953இல். அத்தனை வருடம் அந்தக் கட்டைப் பத்திரமாக வைத்திருந்தார் என்பதே எனக்கு ஆச்சரியம். நம் வீட்டில் போன வருட கரண்ட் பில் கிடைக்காது.

வித்யாலயத்தை நிறுவிய தி.சு. அவினாசிலிங்கம் 1946இல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். அந்த வருடமே தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். தமிழில் ஒரு முழுமையான கலைக்களஞ்சியம் கொண்டுவர வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்குத் தலைமைப் பதிப்பாசிரியர் வேண்டும். பெரிய பட்டங்கள் பெற்றவர்கள் எத்தனையோ பேர் இருக்க, கொங்குநாட்டுப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரை 1948இல் அழைத்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவருக்கு நாற்பது வயது.

கலைக்களஞ்சியம் என்பது எப்படிப்பட்ட வேலை என்று பாருங்கள். முதலில் எந்தெந்தத் தலைப்பு என்று பட்டியல் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எழுதத் தெரிந்தவரைப் பிடிக்க வேண்டும். இயற்பியல் தெரிந்தவருக்குத் தமிழில் எழுத வராது, தமிழில் எழுத வருகிறவருக்கு இயற்பியல் தெரியாது. கலைச்சொல் பாதிக்கு இருக்காது, ஆக்க வேண்டும். கட்டுரை வந்தால் அதைச் சுருக்கி, நூற்றுக்கணக்கான பேர் எழுதியதை ஒரே நடைக்குக் கொண்டுவர வேண்டும். இதெல்லாவற்றையும்விடக் கொடுமை அகரவரிசை. ‘அ’வில் ஒரு கட்டுரை வராமல் போனால் ‘ஆ’வை அச்சுக்கு அனுப்ப முடியாது. எழுதித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்ட ஒரு பேராசிரியர் தாமதித்தால் மொத்தத் தொகுதியும் அவர் வாசலில் காத்து நிற்கும். கல்யாணப் பத்திரிகைக்கு நாலு பேரிடம் பெயர் வாங்கி அச்சடித்துப் பார்த்தவர்களுக்கு இதில் உள்ள வேதனையில் ஒரு துளி புரியும்.

இப்போது வருடக் கணக்கைப் பாருங்கள், நான் இதை எழுதக் காரணமே இந்தக் கணக்குத்தான். அவர் பொறுப்பேற்றது 1948இல். முதல் தொகுதி வந்தது 1954இல். ஆறு வருடம். ஒன்பதாம் தொகுதி 1963இல். அதாவது முதல் ஒன்றுக்கு ஆறு வருடம், அடுத்த எட்டுக்கும் சேர்த்து ஒன்பதே வருடம். கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒரு தொகுதி. 1951இலோ 1952இலோ யாராவது அந்த அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்திருந்தால், கொடுத்த பணத்துக்கு ஒரு புத்தகம்கூட வரவில்லையே என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்த ஆறு வருடத்தில் உருவானது தொகுதி மட்டும் இல்லை என்பது என் ஊகம். யாருக்கு எழுதினால் பதில் வரும், எந்தக் கலைச்சொல்லை எங்கும் ஒரேபோல வைப்பது, அச்சுப்பிழை எங்கே தப்பிக்கும் என்கிற நடைமுறை முழுக்க அப்போதுதான் உருவாகியிருக்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகு வண்டி ஓடியிருக்கிறது.

இவருக்கும் முன்னால் சிங்காரவேலு முதலியார் தனி ஆளாக ‘அபிதான சிந்தாமணி’யைத் தொகுத்தார். பல வருட உழைப்பு. முடித்த பிறகு அதை அச்சிட ஆள் தேடி அலைந்தார். கடைசியில் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்து 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வெளிவந்தது. தேவர் கிடைக்காமல் போயிருந்தால் அந்த உழைப்பு அப்படியே பெட்டிக்குள் போயிருக்கும், அதை விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்லவும் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். தூரனுக்கு முதலிலிருந்தே கழகம் இருந்தது, சம்பளம் இருந்தது, கூட உட்கார்ந்து வேலை செய்ய ஆள்கள் இருந்தார்கள், பணத்துக்கு அலைய அவினாசிலிங்கம் இருந்தார். இதைச் சொன்னால் அவருடைய பெருமை குறைந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் இருபது வருடம் ஒரே வேலையில் நிற்கிறார் என்றால் அவர் வீட்டில் உலை கொதிக்க யாரோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘தன்னந்தனியாகச் சாதித்தார்’ என்று சொல்லும்போது அவர்களை நாம் அழித்துவிடுகிறோம்.

பத்தாவது தொகுதி 1968இல் இணைப்பாக வந்தது. அதே வருடம் அவருக்குப் பத்மபூஷண். அறுபது வயது, விருது வந்தாயிற்று, வேலையும் முடிந்தது, மாலையை வாங்கிக்கொண்டு மஞ்சக்காட்டுவலசுக்கு வந்து கட்டிலைப் போட்டிருக்கலாம். ஆனால் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்ததும் அதே 1968இல்தான். அதுவும் பத்துத் தொகுதி. 1976இல் முடித்தார். 1987இல் மறைந்தார்.

ஆனால் அவரும் எதையோ கீழே போட்டிருக்கத்தான் வேண்டும். கவிதை, சிறுகதை, நாடகம் எல்லாம் எழுதியவர். நாற்பதிலிருந்து அறுபத்தெட்டு வரை ஒரு எழுத்தாளனின் நல்ல வயது முழுவதையும் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதில் கழித்தார். சிறுகதை வரலாற்றில் தூரன் பெயரை இன்று யார் சொல்கிறார்கள்? சரி, கலைக்களஞ்சியத்தையாவது இன்று யார் புரட்டுகிறார்கள்? மனிதன் நிலாவில் கால் வைப்பதற்கு முன்பே அச்சாகி முடிந்த தொகுதிகள் அவை. அப்போது தாராபுரம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1979இல் பெரியார் மாவட்டத்துக்குப் போனோம், அது ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது, 2009இலிருந்து திருப்பூர் மாவட்டம். நாங்களே இத்தனை தடவை இடம் மாறிவிட்டோம், அறிவியல் கட்டுரைகள் பழசாகாமல் என்ன செய்யும்?

இன்று தூரன் பெயர் தினமும் உச்சரிக்கப்படுகிற இடம் வேறு. சங்கீத மேடை. கலைக்களஞ்சிய வேலைக்கு நடுவே அவர் நூற்றுக்கணக்கான தமிழ்க் கீர்த்தனைகள் எழுதினார். 1972இல் தமிழ் இசைச் சங்கம் இசைப்பேரறிஞர் பட்டம் கொடுத்தது. மார்கழியில் சென்னை சபாக்களில் ஏதாவது ஒரு மேடையில் அவர் பாட்டு ஒலிக்காத நாள் இருக்குமா என்பது சந்தேகம். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவர்தான் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தவர் என்று தெரியாது. அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் செய்தது பழசாகிவிட்டது, அலுவலகத்துக்கு வெளியே எழுதியது நிற்கிறது. இதில் எதை அவருடைய இலக்கு என்பது, எதை இலவச இணைப்பு என்பது? அவரிடமே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. என் கட்சி இதுதான்: பழசாகும் என்று தெரிந்தே ஒருவர் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. கலைக்களஞ்சியம் அப்படிப்பட்டது. அடுத்தவர் வந்து மாற்றி எழுதுவதற்கு ஒன்று முதலில் இருந்தாக வேண்டுமே.

தொகுதிகள் எல்லாம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் திறந்து பாருங்கள். ஒரு கட்டுரையைப் படித்து முடிப்பதற்குள் கண் அடுத்ததற்குப் போய்விடும். நான் இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருந்து வீட்டில் திட்டு வாங்கினேன்.

இதையெல்லாம் அக்கா பெண்ணிடம் ஒரு மாலை முழுக்கச் சொன்னேன். டீ ஆறிப்போகும் வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "பெரியசாமித் தூரன் சிலபஸ்ல இருக்கறாருங்களா மாமா?" என்றாள்.

"சரியாத் தெரியல கண்ணு. பாக்கோணும்."

"அப்ப பரீட்சை முடியட்டுங் மாமா, படிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கூட்டு வட்டிக் கணக்கைப் போட ஆரம்பித்தாள்.